பால் குடித்த குழந்தையும் ஏப்பமும்

குழந்தை பால் குடித்து முடித்ததும் அதனைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுப்பது நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். வீட்டிலுள்ள முதிய பெண்டிர் இதனை இளந்தாய்க்குக் கற்றுத் தருகின்றனர். மருத்துவமனைச் செவிலியரும் இதனையே வலியுறுத்துகின்றனர். சிறு ஏப்பம் ஒன்று வெளிவந்ததும் தாய்க்கு மனநிறைவு உண்டாகிறது. வராவிட்டாலோ கவலை தோன்றுகிறது. நள்ளிரவில் பால் குடித்துக்கொண்டே உறங்கிவிட்ட குழந்தையை எழுப்பி, ஏப்பம் வரும்வரை நெடுநேரம் தட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களும் உளர். பின்னர் அக்குழந்தை பாலைக் கக்கினாலோ, மாலையில் விடாது அழுதாலோ, "ஏப்பம் எடுக்கத் தெரியாதவள்" என்ற பழியும் தாயின் மீதே விழுகிறது.

இவ்வழக்கம் எந்த அளவிற்குப் பயனுடையது? ஏப்பம் விடாத குழந்தைக்கு உண்மையில் தீங்கு நேருமா? வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் நாள்தோறும் எதிர்கொள்ளும் இக்கேள்விகளுக்கு விஞ்ஞானம் தரும் விடை, பலர் எதிர்பார்ப்பதினின்றும் சற்று வேறுபட்டது. அதற்கு வேண்டிய சான்றுகளுள் முக்கியமான ஒன்று நம் நாட்டிலேயே, சண்டிகர் நகரில் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காற்று உட்செல்லும் வழி

பிறந்த குழந்தையின் வயிற்றில் காற்று இருப்பது நோயன்று, இயற்கையே. கருவில் இருக்கும்போது அதன் குடலில் காற்று இல்லை. முதல் மூச்சை இழுத்த சில நிமிடங்களிலேயே காற்று இரைப்பையை அடைகிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அது சிறுகுடலையும் பெருங்குடலையும் கடந்து மலக்குடல்வரை சென்றுவிடுகிறது. எக்ஸ்ரே படங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். இவ்வாறு காற்று சென்றடையாதிருந்தால்தான் குடலில் அடைப்பு உண்டோ என்று மருத்துவர்கள் ஐயுறுவர்.

பால் குடிக்கும்போது குழந்தை உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்று செயல்களையும் மாறி மாறிச் செய்கிறது. இவற்றினிடையே சிறிதளவு காற்றும் பாலுடன் விழுங்கப்படுகிறது. மார்பை வாய் நிறையப் பற்றாமல் காம்பின் நுனியை மட்டும் பற்றிக் குடிக்கும் குழந்தை மிகுதியான காற்றை விழுங்கும். புட்டிப் பால் குடிக்கும்போது காம்பிற்குள் பால் நிறையாமல் காற்று நின்றாலும், காம்பின் துளை அளவில் பொருந்தாவிட்டாலும் இதுவே நேரும். அழும் குழந்தையும் காற்றை விழுங்குகிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வயிற்றில் காற்று இருப்பதனால் குழந்தை அழுகிறது என்று நாம் எண்ணுகிறோம்; அழுததனால் வயிற்றில் காற்று சேர்ந்திருத்தலும் கூடும்.

விழுங்கிய காற்றில் ஒரு பகுதியே ஏப்பமாக வெளிவரக் கூடியது. எஞ்சியது குடல் வழியே சென்று ஆசனவாயில் வெளியேறுகிறது. இதனுடன், பாலிலுள்ள சர்க்கரையில் செரிக்காது எஞ்சும் பகுதியைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்வதாலும் வாயு உண்டாகிறது. இவ்வாறு குடலில் தோன்றும் வாயுவை முதுகைத் தட்டி வெளிக்கொணர இயலாது.

வகுப்பறையில் ஒரு புட்டிச் சோதனை

குழந்தையை ஏன் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் ஓர் எளிய சோதனையால் விளக்கலாம். ஒடுங்கிய கழுத்துடைய கண்ணாடிப் புட்டி ஒன்றில் முக்கால் பங்கு நீர் நிரப்பி மூடுக. அதனை நிமிர்த்தி வைத்தால் நீர் கீழேயும், காற்று கழுத்தருகேயும் நிற்கும். இந்நிலையில் மூடியைத் திறந்தால் காற்றுக்கு வழி உண்டு, நீர் வெளியேறாது. மீண்டும் மூடிப் படுக்கையாகக் கிடத்தினால், நீர் புட்டியின் வாயை மறைத்து நிற்கும். காற்று மேற்பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். இப்போது மூடியைத் திறந்தால் முதலில் வெளிவருவது நீரேயன்றிக் காற்றன்று.

குழந்தையின் இரைப்பையும் இதனைப் போன்றதே. உணவுக்குழல் வந்து சேரும் இரைப்பையின் மேல்வாய், முதுகுப்புறத்தை நோக்கி அமைந்துள்ளது. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது பால் அவ்வாயை மறைக்கிறது. காற்று வயிற்றின் முன்புறம் தங்குகிறது. நிமிர்த்திப் பிடித்தால் பால் கீழிறங்கி, காற்று மேல்வாயை அடைகிறது. அவ்வாயைக் காத்து நிற்கும் தசைவளையம் இயல்பாகவே அவ்வப்போது சிறிது நேரம் தளர்ந்து கொடுக்கும். அப்போது காற்று ஏப்பமாக வெளிப்படுகிறது. எனவே ஏப்பத்திற்கு இன்றியமையாதது நிமிர்ந்த நிலை. முதுகைத் தட்டுதல் அதற்குத் துணை மட்டுமே.

ஆனால் அத்தசைவளையம் காற்றுக்கு மட்டும் திறந்து பாலுக்கு மூடிக்கொள்ளும் கதவன்று. திறக்கும்போது காற்றுடன் பாலும் மேலே வரலாம். இவ்வுண்மையே அடுத்துக் கூறப்படும் ஆராய்ச்சியின் முடிவைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

சண்டிகர் ஆராய்ச்சி

தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்பட்டு வந்த இவ்வழக்கத்தை அளந்து பார்க்கும் முயற்சி நெடுங்காலம் வரை அரிதாகவே இருந்தது. சண்டிகர் ஆராய்ச்சியாளர்கள் அதனை மேற்கொண்டனர். அவர்களுடைய முடிவுகள் 2015-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியாயின. நலமாகப் பிறந்த குழந்தைகளும் அவர்தம் தாய்மாருமாக 71 இணைகள் இதில் பங்குபெற்றன. எந்தத் தாய் எந்தப் பிரிவில் சேர்வது என்பது திருவுளச்சீட்டு முறையைப் போன்று தற்செயலாகவே முடிவு செய்யப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் குழந்தையை ஏப்பம் விடச் செய்யும் முறைகள் கற்பிக்கப்பட்டன. மற்றைப் பிரிவினருக்குத் தாய்சேய் நலம் பற்றிய வேறு செய்திகள் கூறப்பட்டன. மூன்று மாதங்கள் குழந்தைகளின் அழுகையும் கக்குதலும் குறித்து வைக்கப்பட்டன.

முடிவு வியப்பிற்குரியதாக இருந்தது. அடங்காத அழுகையைப் பொறுத்தவரை இரு பிரிவுகளுக்குமிடையே உறுதியாகக் கூறத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாலைக் கக்குவதோ ஏப்பம் எடுக்கப்பட்ட குழந்தைகளிடையே குறையவில்லை. மாறாக ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இம்முடிவை அளவறிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 71 என்பது சிறிய எண்ணிக்கையே. ஏப்பம் எடுப்பவர் தாயே ஆதலின், மருந்துச் சோதனைகளில் செய்வதுபோல யாருக்கு எது தரப்பட்டது என்பதை அவரிடமிருந்து மறைத்துவைக்கவும் இயலாது. ஆகவே ஏப்பம் எடுப்பது தீங்கு என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஏப்பம் எடுக்காததனால்தான் குழந்தை கக்குகிறது, அழுகிறது என்று தாயைக் குறை கூறுவதற்குச் சான்று ஏதும் இல்லை. ஏப்பம் எடுத்தல் குழந்தைக்கு அளிக்கும் ஓர் ஆறுதல். தவறினால் தண்டனை தரும் கடமையன்று.

கக்குதலும் வாந்தியும்

குழந்தை பாலைக் கக்குவது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர் நாளொன்றுக்கு ஒரு முறையேனும் கக்கினர் என்று கண்டறியப்பட்டது. நான்காம் மாதத்தில் இது 67 சதவீதமாக உயர்ந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. குழந்தை வளர்ந்து, நிமிர்ந்து உட்காரவும், கெட்டியான உணவை உண்ணவும் தொடங்கும்போது இது தானே மறைகிறது. எடை சீராக ஏறி, முகமலர்ச்சியுடன் விளையாடும் குழந்தை சிறிது கக்கினால் அதற்கு மருந்து வேண்டா. தோளில் ஒரு துணி போதும்.

ஆயினும் எல்லாக் கக்குதலும் ஒன்றல்ல. பின்வரும் அடையாளங்களுள் ஒன்று காணப்பட்டாலும் ஏப்பத்தை எதிர்பார்த்துக் காத்திராமல் குழந்தையை உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

1. பச்சை நிறத்தில் வாந்தி, அல்லது வாந்தியில் இரத்தம்.
2. பீய்ச்சி அடிப்பதுபோல் ஒவ்வொரு முறையும் வேகமாக வரும் வாந்தி. குறிப்பாக, இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரையுள்ள குழந்தைக்கு.
3. வயிறு உப்பி இறுகியிருத்தல்.
4. பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், வலிப்பு.
5. காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப் போதல்.
6. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட முறை மூச்சுவிடுதல், மார்புக்குழி உள்ளிழுத்தல்.

எடை ஏறாமலிருத்தலும், சிறுநீர் கழிப்பது வழக்கத்தினும் குறைதலும் தாமதமின்றிக் காட்டவேண்டியவையே. இவ்வடையாளங்கள் உள்ள குழந்தையை "வாயுத் தொல்லை" என்று கருதி வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து.

மாலை அழுகையும் மருந்துப் புட்டியும்

நலமான குழந்தையும் பிறந்த சில வாரங்களில் நாளுக்கு நாள் மிகுதியாக அழத் தொடங்கும். ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் இவ்வழுகை உச்சநிலையை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும். பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் இது காணப்படும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலும், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேலும், மூன்று வாரங்களுக்கு மேலும் அழுகை நீடித்தால் அதனை அடங்கா அழுகை எனக் கொள்ளலாம் என்று 1954-ஆம் ஆண்டில் ஓர் அளவு வகுக்கப்பட்டது. அதன் காரணம் வாயுவே என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

காரணம் விளங்காத இடத்தில் மருந்து எளிதில் நுழைந்துவிடுகிறது. வடமாநிலங்களில் மூலிகைகளைச் சேர்த்த 'ஜனம் குட்டி' என்னும் கரைசல் புகட்டப்படுகிறது. தமிழகத்தில் வசம்பைச் சுட்டு உரைத்துத் தரும் வழக்கம் உண்டு. நாடெங்கும் கிரைப் வாட்டர் விற்கப்படுகிறது. இது 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகர மருந்தாளர் வில்லியம் உட்வர்டு என்பவரால் தயாரிக்கப்பட்டது. அக்காலக் கலவையில் சோடா உப்பும் சதகுப்பை எண்ணெயும் மட்டுமன்றி மதுசாரமும் கலந்திருந்தது. பின்னாளில் மதுசாரம் நீக்கப்பட்டது. ஆனால் கிரைப் வாட்டர் அழுகையை நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

இதில் வேறோர் இழப்பும் உண்டு. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூடத் தரலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 63.7 சதவீதத்தினரே தாய்ப்பாலை மட்டும் உண்டனர். ஏப்பத்திற்கென்றும் வாயுவிற்கென்றும் புகட்டப்படும் கரண்டி நீர், தூய்மையற்றதாயின் பேதிக்கு வழிகோலும். சிறு இரைப்பையில் பாலுக்குரிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

முறையாகச் செய்யும் வழி

ஏப்பம் எடுக்க விரும்பும் தாய்க்குப் பணியாளர் மூன்று முறைகளைக் காட்டலாம்.

முதலாவது, தோள்முறை. குழந்தையின் முகவாய் தாயின் தோளுக்கு மேலே வருமாறு மார்போடு நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையால் அதன் பிட்டத்தையும், மற்றொரு கையால் தலையையும் முதுகையும் தாங்குதல்.

இரண்டாவது, மடியில் அமர்த்தும் முறை. குழந்தையைப் பக்கவாட்டில் அமர்த்திச் சற்றே முன்சாய்த்து, உள்ளங்கையால் மார்பையும் விரல்களால் தாடையையும் தாங்குதல். விரல்கள் தாடை எலும்பின்மீது இருக்க வேண்டுமேயன்றித் தொண்டையை அழுத்தலாகாது.

மூன்றாவது, மடியில் குப்புறக் கிடத்தும் முறை. தலை உடலைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறும், மூக்கும் வாயும் துணியில் புதையாதவாறும் பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இம்மூன்றிலும் முதுகை மெல்லத் தடவினாலோ, உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டினாலோ போதும். ஓங்கித் தட்டுவதும், குழந்தையைக் குலுக்குவதும் கூடா. பச்சிளங்குழந்தையின் கழுத்து தலையின் சுமையைத் தாங்க வல்லதன்று. வன்மையாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஒரு மார்பில் குடித்து மறு மார்புக்கு மாற்றும்போதும், குடித்து முடித்தபின்னும் சில நிமிடங்கள் இவ்வாறு பிடித்தால் போதுமானது. புட்டிப் பால் தரவேண்டிய நிலையில் உள்ள குழந்தைக்கு 60 முதல் 90 மில்லி லிட்டருக்கு ஒருமுறை இடைவெளி தரலாம். ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம்; விழுங்கிய காற்று இல்லாமலும் இருக்கலாம், அல்லது அது குடல் வழியே சென்றிருக்கலாம். அமைதியாக உறங்கிவிட்ட குழந்தையை இதற்கென எழுப்ப வேண்டுவதில்லை. மிகுதியாகக் கக்கும் குழந்தையைத் தட்டாமல், இருபது முப்பது நிமிடங்கள் நிமிர்த்தி அணைத்து வைத்திருப்பதே மேல்.

காற்று புகுந்தபின் அதனை வெளியேற்ற முயல்வதினும், புகாமல் காப்பதே சிறந்தது. குழந்தையின் வாய் அகலத் திறந்திருத்தல், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தல், முகவாய் மார்பைத் தொடுதல், காம்பைச் சூழ்ந்த கருவட்டம் வாய்க்குக் கீழே குறைவாகவும் மேலே மிகுதியாகவும் தெரிதல் ஆகிய நான்கும் சரியாகப் பற்றியிருப்பதன் அடையாளங்களாகும். இவற்றைத் திருத்திக் கொடுக்கும் பணியாளர், நூறு முறை முதுகைத் தட்டுவதினும் பெரிய உதவியைச் செய்தவராவார்.

உறங்க வைக்கும் முறை

மல்லாந்து படுத்தால் பால் மூச்சுக்குழலில் ஏறிவிடும் என்று அஞ்சி, ஏப்பம் விடாத குழந்தையைக் குப்புறக் கிடத்துவோர் உளர். இவ்வச்சம் பொருத்தமற்றது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. மேலேறும் பால் மூச்சுக்குழலில் புகவேண்டுமாயின் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். குப்புறக் கிடத்தினால் இந்நிலை தலைகீழாகிறது. மேலும், குப்புற உறங்கும் குழந்தைகளிடையே திடீர் மரணம் மிகுதி என்பது உறுதிப்பட்டுள்ளது. 1990-களில் பல நாடுகளில் குழந்தைகளை மல்லாந்து உறங்க வைக்குமாறு பிரசாரம் செய்யப்பட்டபின் இம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும், உறக்கத்திற்கு மல்லாந்த நிலையே உரியது. மடியில் குப்புறக் கிடத்துவது தாய் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே.

பணியாளரும் ஆசிரியரும்

2011-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் செல்கிறார். இதில் 42-ஆம் நாள் என்பது ஆறாவது வாரத்தின் இறுதி. குழந்தையின் அழுகை உச்சத்தில் நிற்கும் காலம். தாய் களைத்துப்போயிருப்பதும், தன் பால் போதவில்லையோ என்று ஐயுறுவதும், மருந்துப் புட்டியும் பால்பவுடரும் வீட்டிற்குள் நுழைவதும் இவ்வேளையிலேயே. அன்று குழந்தையின் எடையைப் பார்த்து, பால் பற்றும் முறையைக் கவனித்து, ஆபத்தான அடையாளங்கள் இல்லை என்று தெளிந்தபின், "இவ்வழுகை இனிக் குறையும்; உங்கள் பாலிலும் குறையில்லை, வளர்ப்பிலும் குறையில்லை" என்று சொல்லும் ஒரு சொல், எந்த மருந்தினும் பயன் தருவதாகும். அதனைத் தாயிடம் மட்டும் கூறினால் போதாது. மாமியார், கணவன் முதலியோர் உடனிருக்கும்போது கூறினால்தான் பழிச்சொல் நிற்கும். குழந்தையைத் தோளில் ஏந்தி நிற்பது தாயால் மட்டுமே ஆகும் செயலன்று; தந்தையும் தாத்தாவும் அதனைச் செய்யலாம்.

ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவ மாணவியருக்குப் புட்டிச் சோதனையைச் செய்துகாட்டி, இரைப்பையின் அமைப்பையும் காற்றின் இயல்பையும் ஒருங்கே விளக்கலாம். வழக்கமாகச் செய்துவரும் ஒன்றையும் அளந்து பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்ற விஞ்ஞான மனப்பான்மைக்குச் சண்டிகர் ஆராய்ச்சி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். இன்று வகுப்பில் அமர்ந்திருப்போர் நாளைய பெற்றோர். குழந்தையை நிமிர்த்தி அணைக்கவும், மல்லாந்து உறங்க வைக்கவும், ஆபத்தான அடையாளத்தைக் கண்டதும் விரைந்து செல்லவும் அவர்கள் கற்றிருப்பார்களாயின், ஓர் ஏப்பம் வரவில்லையே என்று எந்த இளந்தாயும் நள்ளிரவில் கண்ணீர் விட வேண்டியிராது.